தாடி எடுக்க வராத கோபி

எங்கள் ஊரில் சலூன் வைத்துப் பிழைப்பது லேசான காரியமில்லை. ஊரில் பாதிப் பேர் தாடி வைத்திருக்கிறார்கள். சாமியார்கள் வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கல்லூரிப் பையன்கள் வைத்துக்கொள்கிறார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வேறு. இது போதாதென்று, பெண்டாட்டி முழுகாமல் இருக்கும் ஆண்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன்காரன் முடி வெட்டக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். இதை ஏற்படுத்தியவன் எவனோ, அவனுக்குச் சலூன்காரன் மேல் தீராத பகை இருந்திருக்க வேண்டும்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் கடை. என் பெயர் மணிவேல். ஒருத்தன் தாடியைப் பார்த்தே அது என்ன தாடி என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரை உடைத்தவன் கோபி. இது அவனுடைய கதை. நடுநடுவே நான் வந்து கத்திக்கொண்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு நீங்கள் கோபியைப் பார்க்க வேண்டுமென்றால் புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். உள்ளே பெண்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட உட்கார்ந்திருப்பார்கள். வெளியே வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு அவர்களுடைய புருஷன்மார்கள் செல்போனைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, "இன்னா தம்பி, தூக்கம்லாம் வருதா?" என்று விசாரித்துக்கொண்டிருக்கும் ஆள்தான் கோபி. இதற்கு அவனுக்குச் சம்பளம் கிடையாது. பயல்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அதில் ஒருத்தன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "புள்ள அழுதா எங்கனா ஓடிடலாம்னு தோணுதுண்ணா" என்பான். "எனக்கும் தோணிச்சி. நான் ஓடியே போயிட்டேன்" என்பான் கோபி. அதற்கப்புறம் அவர்கள் பேசுவதை நான் கேட்கக் கூடாது என்று என்னை விரட்டிவிடுவான்.

கோபிக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையை ஒட்டி அவர்களுக்குக் கொஞ்சம் நிலம், வேர்க்கடலையும் சாமந்தியும் போடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தோம், ஒன்றாகவே பெயிலும் ஆனோம். அவன் சென்னைக்குப் போய் ஓட்டலில் ரூம் பாயாகக் கொஞ்ச காலம் இருந்தான். அந்த ஊர் வெயிலும் வாடகையும் ஒத்துவராமல் திரும்பி வந்து, என் கடைக்குப் பின் தெருவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கேர்டேக்கராகச் சேர்ந்தான். மோட்டார் ரிப்பேர், குழாய் ரிப்பேர், ரஷ்யாக்காரிக்கு இளநீர் வாங்கித் தருவது எல்லாம் அவன்தான். வாய் ஓயாது. இங்கிலீஷில் ஐம்பது வார்த்தை தெரியும், அதை வைத்துக்கொண்டு இத்தாலிக்காரனிடம் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான்.

கீர்த்தனாவை அவனுக்குப் பார்த்து முடித்தது பெரியப்பா தசரதன். போளூர் பக்கத்துப் பெண், டவுனில் ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. இவன் பேசுவதில் கால்வாசிகூட அவள் பேச மாட்டாள். ஆனால் பேசினால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. கோபியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். தேர்த் திருவிழாவில் அவனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு மாடவீதியில் நிற்பார், எங்களுக்கெல்லாம் பொறாமையாக இருக்கும்.

கீர்த்தனா உண்டானதும் கோபி தாடி வளர்த்தான். நான் திட்டினேன். "ஒம்பது மாசம் எனக்கு நஷ்டம்டா" என்றேன். "பொறந்ததும் வந்து நிக்கிறேன் மச்சான், தாடியோட சேத்து மீசையும் எடுத்துக்கோ" என்றான். வளைகாப்பு முடிந்து அவளை அம்மா வீட்டுக்குப் போளூருக்கு அழைத்துப் போனார்கள். அந்த மாதமே பெரியப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார்.

நானும் அந்தச் சாவுக்குப் போயிருந்தேன். கோபியின் அண்ணன் கொள்ளிச்சட்டி தூக்கினான். பாடையைத் தூக்கும் நேரத்தில் கோபி ஓடி வந்து தோள் கொடுத்தான். பெண்கள் கூச்சல் போட்டார்கள். "டேய், பொண்டாட்டி மாசமா கீறா, நீ தொடக் கூடாதுடா" என்று ஒரு அத்தை சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. "என்னத் தோள்ல வச்சித் தேரு காட்டுனவருக்கு நான் தோள் குடுக்கக் கூடாதா?" என்று கத்தினான். தெருமுனை வரைக்கும்தான் தூக்கினான். அங்கே இரண்டு பெரியவர்கள் அவனை நகர்த்திவிட்டு மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு மறந்தே போய்விட்டது.

பிரசவத்தில் கீர்த்தனாவுக்கு பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டது. போளூரிலிருந்து ஆம்புலன்ஸில் எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல டாக்டர்கள், உடனே ஆபரேஷன் செய்து இரண்டு உயிரையும் காப்பாற்றினார்கள். பெண் குழந்தை. எடை கம்மி என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் தாயும் பிள்ளையும் தேறி, போளூர் போய்ச் சேர்ந்தார்கள். நான் சந்தோஷமாகப் புது பிளேடு எடுத்து வைத்துக்கொண்டு கோபிக்காகக் காத்திருந்தேன்.

அவன் வரவில்லை. தீட்டுக் கழித்த பிறகு வருவான் என்று நினைத்தேன். தீட்டுக் கழிந்தது, பிள்ளைக்கு இனியா என்று பெயரும் வைத்துவிட்டார்கள், தாடி மட்டும் அப்படியே இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்ததற்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது, கோயிலில் முடி இறக்குவான் என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வேண்டுதலைப் பற்றி ஒருத்தரிடம் துருவிக் கேட்பது மரியாதை இல்லை. அதனால் கேட்கவில்லை.

இதற்குள் கோபியின் வாய் நின்றுவிட்டது. வேலையை முடித்துவிட்டு, சாயங்காலமானால் கிரிவலப் பாதை ஓரம் ஒரு சிமெண்ட் பெஞ்சில் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். இளைத்துப் போனான். வீட்டில் கட்டுகிற காவி வேட்டியையே எப்போதும் கட்டிக்கொண்டிருந்தான். அந்த வேட்டிக்கு எங்கள் ஊரில் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது, அழுக்கு தெரியாது என்று வாங்குவோம். ஆனால் தாடியும் காவியும் மௌனமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் இந்த ஊர் சும்மா விடுமா? வேறு ஊரில் ஒருத்தன் சாப்பிடாமல் கொள்ளாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், என்னப்பா கஷ்டம் என்று நாலு பேர் கேட்பார்கள். எங்கள் ஊரில் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படித்தான் கும்பிட்டார்கள். வாழைப்பழம் வைத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன்பு அவளுடைய பாத்ரூம் அடைப்பை எடுத்துவிட்டவனே இவன்தான். கெஸ்ட் ஹவுஸ் முதலாளி என்னிடம் வந்து, "நம்ம கோபிக்கு ஏதோ ஞானம் வந்துட்ச்சிபா, கண்ணப் பாத்தியா?" என்றார். நானும் பார்த்தேன். அது தூங்காதவன் கண் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் கீர்த்தனாவிடமிருந்து போன் வந்தது. அவள் எனக்குப் போன் செய்ததே அதுதான் முதல் தடவை.

"அண்ணா, மறைக்காம சொல்லுங்க. அவரு தாடி எடுத்துட்டாரா?"

"இல்லம்மா. வேண்டுதல் போல இருக்கு."

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரில பாத்ததோட சரி. பேரு வைக்கக்கூட வரல. போன் பண்ணா சாப்ட்டியான்னு கேட்டுட்டு வெச்சிடறாரு. புள்ளயப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறாரு. அவரு சாமியாராப் போயிட்டாருன்னு யாரோ வந்து எங்கம்மா கிட்ட சொல்லிட்டாங்க. வர்ற வாரம் பெரியவங்கள வச்சிப் பேசி அத்து வுட்டுடலாம்னு குதிக்கறாங்க. நான் ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேண்ணா. அவரு வரலன்னா எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. பாதி வெட்டிய தலையோடு ஒரு கஸ்டமரை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பலாமா என்று பார்த்தேன். அவர் விடவில்லை. அவரை முடித்து அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டுப் போனேன். அன்றைக்குப் பௌர்ணமி. பாதை முழுக்க ஜனம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோபியின் எதிரில் போய் நின்று, "பொண்டாட்டி புள்ளய விட்டுட்டு இங்க இன்னாடா உனுக்கு மோட்சம் வேண்டிக் கெடக்குது?" என்று ஆரம்பித்தேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன், அதை எழுதினால் நன்றாக இருக்காது. அவன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே ஆந்திராவிலிருந்து கிரிவலம் வந்த ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது. சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி, கையில் மூன்று நான்கு மாதக் குழந்தை. நான் கத்துவதைக்கூடச் சட்டை செய்யவில்லை. சாமியாரைத் திட்டும் ஒரு பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பெண், "சாமி, பாப்பனி தீவிஞ்சண்டி" என்று சொல்லிக்கொண்டே குழந்தையைக் கோபியின் மடியில் வைத்துவிட்டாள். பிள்ளைக்கு ஆசீர்வாதம் கேட்கிறாள்.

கோபி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டான். போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டினால் தூக்குவோமே, அந்த மாதிரி. குழந்தை மடியில் கிடந்து அவனைப் பார்த்தது. "எடுத்துக்கங்கம்மா, எடுத்துக்கங்க, என் கை ஆவாது" என்றான். அவளுக்குத் தமிழ் புரியவில்லை, சிரித்தாள். அவன் ஓவென்று அழுதான். அந்தப் பெண் பயந்துபோய்க் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். அவள் புருஷன் மட்டும் பக்தியோடு இன்னொரு தரம் கும்பிட்டுவிட்டுப் போனான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"இன்னாடா ஆச்சி?"

"பெரியப்பாவத் தூக்கினேன் இல்ல மச்சான்" என்றான். "இந்தத் தோளு, இந்தக் கை. தூக்காத தூக்காதன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் கேக்கல. அதான் அவளுக்கு வலிப்பு வந்திச்சி. ஆஸ்பத்திரில நர்ஸம்மா கொயந்தைய என் கைல குடுத்தாங்க. கைல இருக்கும்போதே அதுக்கு மூச்சு ஒரு மாதிரி ஆயிட்ச்சி, உள்ள தூக்கினு ஓடிட்டாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். என் கை படாம இருந்தா அது நல்லா இருக்கும்."

அத்தனை நாளும் இதைத்தான் அவன் மலையிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அதெல்லாம் சும்மாடா என்று சொல்லலாம். ஆனால் என் பெண்டாட்டி மாசமாக இருந்தபோது நானும் ஒரு சாவு வீட்டில் தள்ளியே நின்றவன்தான். சும்மா என்று நம்பியிருந்தால் ஏன் நின்றேன்?

கீர்த்தனாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். தான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அருணாதேவி என்று ஒரு மேடம் வந்து பேசினார்கள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறார்கள் என்றாள்.

மறுநாளே அந்த அம்மாள் ஸ்கூட்டியில் கடைக்கு வந்துவிட்டார். நாற்பது வயசிருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கும் பெறப் போகிறவர்களுக்கும் மனசுக்கு ஆறுதலாகப் பேசுவதுதான் அவருக்கு வேலை. அதற்கென்று படித்தவர். ஒரு சின்ன டிரஸ்ட் மூலமாக ஆஸ்பத்திரிக்கும் சுகாதார நிலையத்துக்கும் போய்க்கொண்டிருந்தார். நான் ஏதோ கண்ணாடி போட்டுக்கொண்டு கடுகடுவென்று ஒருத்தர் வருவார் என்று நினைத்திருந்தேன். இவர் வந்ததும் என் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப நாள் ஆசைங்க" என்றார்.

கோபியைப் பிடித்து இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் வெளியே போகிறேன் என்றேன். கோபி என் கையை விடவில்லை. சரி, இருங்கள் என்று அந்த அம்மாளும் சொன்னார்.

அவர் அவனுக்குப் புத்தி சொல்லவே இல்லை. வழக்கம் தப்பு என்றோ மூடநம்பிக்கை என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. பெரியப்பாவைப் பற்றிக் கேட்டார். தேரைப் பற்றிக் கேட்டார். வலிப்பு வந்த அன்றைக்குப் போளூரிலிருந்து ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அவன் எங்கே நின்றிருந்தான், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டார். யாருமே இல்லை என்றான் கோபி. ஆம்புலன்ஸ் வந்ததும் எல்லோரும் கீர்த்தனாவின் பின்னால் ஓடினார்கள். அவன் ஆஸ்பத்திரி படிக்கட்டில் தனியாகவே இருந்திருக்கிறான். டாக்டர் வந்து என்ன சொன்னார் என்பதே அவனுக்கு ஞாபகமில்லை.

"கீர்த்தனாவுக்கு வந்தது பிரஷர்னால. அத அப்பறமா டாக்டர் கிட்டயே கூட்டினு போயி உங்களுக்குச் சொல்லச் சொல்றேன், நீங்க கேக்க வேண்டியதெல்லாம் கேக்கலாம்" என்றார். "ஆனா நான் ஒண்ணு கேக்கறேன் கோபி. உங்க பொண்ணு மேல பாசம் இல்லன்னு நெனைக்கறீங்களா?"

"தெரியல மேடம். அது மொகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல. நான்லாம் அப்பாவா?"

"பாசம் இல்லாதவங்க இவ்ளோ பயப்பட மாட்டாங்க" என்றார். "புள்ள பொறந்தா அம்மாங்களுக்குத்தான் மனசு சோந்து போவும்னு எல்லாரும் நெனச்சினு இருக்காங்க. அப்பாங்களுக்கும் வரும். உங்களுக்கு வந்திருக்கு. இந்த ஊர்ல நீங்க தாடியோட வேற உக்காந்துட்டீங்களா, யாருக்கும் தெரியாமப் போச்சி."

இதைக் கேட்டுக் கோபி லேசாகச் சிரித்தான். நான் அவன் பல்லைப் பார்த்து இரண்டு மாதமாகியிருந்தது.

"பயம் போனதும் போயித் தூக்கறேன் மேடம்" என்றான் அவன்.

"அதுக்காகக் காத்திருக்காதீங்க. பயத்தோடயே தூக்குங்க. அம்மாங்க எல்லாரும் அப்பிடித்தான் தூக்கறாங்க."

சொன்னதோடு அவர் விட்டுவிடவில்லை. டாக்டரிடம் அவனை அழைத்துப் போனார். பிறகு ஒரு வேலை கொடுத்தார். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. இனியாவைச் சுற்றி வைத்திருந்த துணி ஒன்றைத் துவைக்காமல் கீர்த்தனா போளூர் பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும். கோபி அதைப் பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். தூங்குகிற குழந்தையைக் கீர்த்தனா வீடியோ காலில் காட்டுவாள். அவன் பேச வேண்டாம், பார்த்தால் போதும். முதல் நாள் துணியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்றான். அடுத்த நாள் எடுத்திருக்கிறான். பால் வாடையும் பவுடர் வாடையும் அடிக்கிறது மச்சான் என்று காலையில் கடை திறப்பதற்கு முன்பே வந்து சொன்னான். வாய் திரும்ப வந்துவிட்டது, இனி நமக்குத்தான் தொல்லை என்று எனக்குத் தைரியம் வந்தது.

தாடியை எடுத்துவிடலாமா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "அது அவர் இஷ்டம். நீங்க கத்தியத் தூக்கினு தொரத்தாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் முடிகிற நேரத்தில் கோபி தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். "எடுத்துடு. போளூருக்குப் போறேன்" என்றான். கண்ணாடியில் பார்த்தால் முகம் வெளுத்திருந்தது. நான் நுரையைப் பூசினேன். இடது கன்னம் முடிந்தது. கத்தியைத் துடைத்துவிட்டு வலது பக்கம் திரும்பும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியது கீர்த்தனா. தோளில் ஒரு பை, கையில் குழந்தை. பின்னாலேயே அவள் அம்மா ராஜம்மாள், "நாமளா வந்து நிக்கணுமா இவன் கிட்ட, மானம் போவுது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தவள், பாதித் தாடியும் பாதி நுரையுமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

கோபி எழுந்து நின்றான். "நானே வர்றதாத்தான் இருந்தேன் கீர்த்தி. பயமா இருந்திச்சி. அதான்…"

"எனக்கும்தான் பயமா இருந்திச்சி" என்றாள் கீர்த்தனா. குரலை உயர்த்தவில்லை. "அது மூச்சு வாங்குதா இல்லயான்னு மூக்குல கை வெச்சி வெச்சிப் பாத்துனு உக்காந்திருந்தேன். பால் குடுக்கும்போது அழுவ வரும். எதுக்குன்னே தெரியாது. நீங்க மலைக்கு எதுருல வந்து உக்காந்துட்டீங்க. நான் எங்க போயித் தாடி வளக்கறது?"

நான் கையில் கத்தியை வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன்.

"புடிங்க" என்று குழந்தையை நீட்டினாள்.

அவன் கை உதறியது. அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. ராஜம்மாள், "அய்யோ, உட்டுடப் போறாரு" என்று முன்னால் வந்தாள். கீர்த்தனா ஒரு பார்வை பார்த்தாள், ராஜம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள். கோபி உதறுகிற கையை அப்படியே நீட்டி மகளை வாங்கிக்கொண்டான்.

"தலைக்குக் கீழ ஒரு கை" என்றாள் கீர்த்தனா. அவன் சரிசெய்துகொண்டான். அவள் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கஸ்டமர்கள் உட்காரும் மர பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷம் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள். ஆம்பிளைகள் சலூன் பெஞ்சில் ஒரு பெண் படுத்துத் தூங்குவதை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. ராஜம்மாள் மகள் தூங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வூட்ல கூட இப்பிடித் தூங்கலியே இவ" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, முந்தானையால் அவள் காலை மூடிவிட்டு, வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். டி.வி.யை அணைத்தேன். இரண்டு கஸ்டமர் வந்தார்கள். சாயங்காலம் வாருங்கள் என்று சைகை காட்டி அனுப்பினேன். கோபி ஒரு கன்னம் மழுமழுவென்றும் ஒரு கன்னம் தாடியுமாக, நுரை காய்ந்துபோய், கடைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தான். குழந்தையைப் பார்ப்பான், நிற்பான், நடப்பான்.

நடுவில் இனியா விழித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு வீறிட்டாள். ராஜம்மாள் எழுந்தாள். கோபி தலையை ஆட்டி அவளை உட்காரச் சொன்னான். என்னைப் பார்த்து, "இன்னாடா பண்றது?" என்றான்.

"என்னக் கேட்டா? நீதான அப்பன்" என்றேன்.

அவன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். பெரியப்பாவைத் தூக்கிய அதே வலது தோள். முதுகைத் தட்டிக்கொண்டே ஏதோ உளறினான். முதலில் கேட்கவில்லை, பக்கத்தில் போனதும் கேட்டது. "அப்பாவுக்கும் பயம்தான்டா, அப்பாவுக்கும் பயம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளை உடனே எல்லாம் அடங்கவில்லை. நன்றாக அழுது, களைத்து, விக்கி, அப்புறம்தான் அடங்கியது.

கீர்த்தனா எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாள். பக்கத்தில் கையை வைத்துத் தடவி, பிள்ளை இல்லை என்றதும் பதறி உட்கார்ந்தாள். கோபி எதிரில் நின்றான்.

"அழுதாளா?"

"அழுதா."

"யாரு சமாதானம் பண்ணது? அம்மாவா?"

"நான்தான்" என்றான் கோபி.

கீர்த்தனா கொஞ்ச நேரம் இருவரையும் பார்த்தாள். பிறகு, "இன்னும் ஒரு அஞ்சி நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள்.